அந்தத் துணியைத் தைத்தது யார்?

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி கடைசியில் ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து எனக்கு அழைப்பு வந்துவிடும். இருபத்தைந்து வயதில் நான் டோக்கியோவில் ஆசிரியையாக இருந்தவள் என்பது எப்படியோ பரவியிருக்கிறது. மகளிர் தினத்துக்கு வந்து 'ஜப்பானியப் பெண்களிடம் நாம் கற்க வேண்டியவை' என்று அரைமணி நேரம் பேச வேண்டும். போன முறை அழைத்தவர் யோசனையும் சொன்னார். "பசங்களே கிளாஸ் ரூமைத் துடைக்கிற மாதிரி ஒரு வீடியோ இருக்குமே மேடம், அதைப் போட்டுக் காட்டிட்டுப் பேசுங்க. நம்ம பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் ஒழுங்கு வரட்டும்." அந்த வீடியோவில் பையன்களும்தான் துடைக்கிறார்கள். ஒழுங்கு மட்டும் ஏன் பொண்ணுங்களுக்கு? வர இயலாது என்றேன். காரணம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்; கேட்கவில்லை.

அந்த வீடியோ பொய்யில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் குனிந்து வரிசையாகத் தரையைத் துடைத்துக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்துச் சிலிர்த்து நோட்டில் எழுதியும் வைத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் ரயில், குப்பைத்தொட்டியும் இல்லாத குப்பையும் இல்லாத தெரு, இரவு பதினொரு மணிக்குத் தனியாக நடந்து வீடு திரும்பியது என்று பக்கம் பக்கமாக வியப்பு. கடைசியாகச் சொன்னதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த நடையின் ருசி வேறெந்த ஊரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. (அதே ஊரில் ரயில் நெரிசலில் நீளும் கைகளுக்குப் பயந்து, நான் தினமும் போய்வந்த தோஸாய் தடத்தில் 2006-இல் பெண்களுக்குத் தனிப்பெட்டி விட வேண்டியிருந்தது. அதுவும் அந்த நோட்டில்தான் இருக்கிறது.) ஆனால் இதையெல்லாம் செய்வது யார் என்ற கேள்வி முதல் நாற்பது பக்கங்களில் ஓரிடத்திலும் இல்லை.

நான் அங்கே போனது கணவரின் கணினி வேலையைத் தொடர்ந்து. முனைவர் பட்ட ஆய்வு பாதியில் நின்றது. என் விசாவின் பெயர் 'டிபெண்டன்ட்', சார்ந்திருப்பவள். தனி அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டும் வேலை செய்யலாம். இந்தியர்கள் நிறைந்த நிஷி-கசாயில் குடியிருந்தோம். அங்கிருந்து சில நிறுத்தங்கள் தள்ளி ஒரு சமுதாயக் கூடத்தின் மாடியில் ஆறு இல்லத்தரசிகளுக்கு ஆங்கில உரையாடல் சொல்லிக்கொடுத்தேன். சங்க இலக்கியம் படித்தவள் போயும் போயும் ஆங்கில டீச்சர் ஆனேன். ஆறு பேரும் என்னைவிட மூத்தவர்கள். என்னை 'சென்செய்' என்று அழைப்பார்கள். உண்மையில் பாடம் படித்தது நான்.

மார்ச் மாதம். ஜப்பானில் ஏப்ரலில் பள்ளி திறக்கும். வகுப்பு முடிந்த பிறகு ஒரு மாணவி பையிலிருந்து பழைய துவாலையை எடுத்து நாலாக மடித்துத் தைக்க ஆரம்பித்தார். என்னவென்று கேட்டேன். 'ஸோகின்' என்றார். தரை துடைக்கும் துணி. புது வகுப்புக்குப் போகும் பிள்ளை கையில் கொண்டுபோக வேண்டும். கடையிலும் கிடைக்கும்தான், ஆனால் மாமியார் என்ன நினைப்பார், டீச்சர் என்ன நினைப்பார்? தைத்து முடித்ததும் இன்னொரு வேலையை எடுத்தார். முதல் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குப் பாடத்துக்கென்று ஒரு பெட்டி. அதில் எண்ணுவதற்கான குச்சிகளும் சில்லுகளும். ஒவ்வொரு குச்சியிலும் ஒவ்வொரு சில்லிலும் பிள்ளையின் பெயரைத் தனித்தனியாக ஒட்ட வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதுபோலக் கண்ணை இடுக்கி ஒட்டிக்கொண்டிருந்தார். நானும் உதவினேன். என் விரலில் ஒட்டிக்கொண்ட பெயர்ச்சீட்டைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.

நாம் கைதட்டும் வீடியோவில் அந்தத் துணி தெரிகிறது. தைத்த கை தெரியவில்லை. உலகத்துக்குக் காட்டப்படும் ஒழுங்குக்கு இரவு பதினொரு மணி வரை ஒருத்தி சம்பளமில்லாமல் உழைத்திருக்கிறாள். 'கட்டுப்பாடு', 'பண்பாடு', 'ஜப்பானிய ரத்தத்திலேயே இருக்கிறது' என்று நாம் சொல்லும்போதெல்லாம் அவள் உழைப்பைத்தான் அழிக்கிறோம்.

டிசம்பரில் இன்னொன்று புரிந்தது. சூப்பர் மார்க்கெட்டில் பகுதிநேர வேலை பார்த்த இரண்டு மாணவிகள் திடீரென்று வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தேன். இல்லை, கணக்கு. அன்றைய விதிப்படி மனைவியின் ஆண்டுச் சம்பளம் 10 லட்சத்து 30 ஆயிரம் யென்னைத் தாண்டினால் கணவரின் வரிச்சலுகை குறையும். பல நிறுவனங்களில் கணவரின் சம்பளத்தோடு வரும் மனைவிப்படியும் போய்விடும். 13 லட்சத்தை எட்டினால் அவளே தனியாகக் காப்பீட்டுத் தொகை கட்ட வேண்டும். ஆகவே ஆண்டுக் கடைசியில் பெண்கள் தங்கள் மணிநேரங்களை எண்ணி நிறுத்துகிறார்கள். பேச்சுவழக்கில் அதற்குச் 'சுவர்' என்றே பெயர்.

பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததில் எனக்கு ஆத்திரமூட்டிய தகவல் இது: வேலைவாய்ப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமவாய்ப்பு என்ற சட்டம் ஜப்பானில் 1986 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சம்பளக்காரக் கணவரைச் சார்ந்திருக்கும் மனைவி தன் கையிலிருந்து ஒரு யென்னும் கட்டாமல் ஓய்வூதியம் பெறலாம் என்ற ஏற்பாடும் அதே 1986 ஏப்ரலில்தான் வந்தது. ஒரு கை வா என்கிறது, மறு கை உட்கார் என்கிறது. பெண்களை வீட்டில் வைக்கச் சங்கிலி எதற்கு? சலுகை போதும். என் 28 மணி நேரமும் அவர்களுடைய 10 லட்சத்து 30 ஆயிரமும் ஒரே கூரையின் இரண்டு உத்தரங்கள் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்த வயதுக்கே உரிய உவமைதான். ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து என் கையெழுத்தே மாறியிருக்கிறது.

சொற்களைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்க்காரி எப்படிப் போவது? கணவரைக் குறிக்க அவர்கள் சொல்வது 'ஷுஜின்'. எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் எஜமானர். மனைவியை வெளியாரிடம் குறிப்பிடும் ஆண் 'கனாய்' என்பார். வீட்டுக்குள் என்று பொருள். அடுத்தவர் மனைவி 'ஒகுசான்', உள்ளறையில் இருப்பவர். நான் கொதித்துப்போய் வகுப்பிலேயே கேட்டேன்: "எஜமானர் என்றா கூப்பிடுகிறீர்கள்?" அவர்களில் மூத்தவர் பொறுமையாகச் சொன்னார்: "வெறும் வார்த்தைதானே சென்செய். உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள்?"

வாயைத் திறந்தேன். 'வீட்டுக்காரர்' என்று வந்தது. அதற்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். வாடகை வாங்க வருகிறவரையும் அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கினேன். அப்படியானால் மனைவி? நம் ஆண்கள் சொல்வது நினைவுக்கு வந்தது: 'வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்.' ஆளே இல்லை, வீடுதான். இல்லாள், மனைவி என்று இலக்கணத்தோடு போனாலும் இல்லத்தையும் மனையையும் தாண்ட முடியவில்லை. ஆறு பேரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். இரண்டரை ஆண்டுகளில் நான் நடத்திய நல்ல வகுப்பு அதுதான். ஆங்கிலம் ஒரு வரிகூடச் சொல்லித்தரவில்லை.

ஜப்பானியப் பெண்களிடம் கற்க ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது, அழைக்கிறவர்களுக்கு அது வேண்டியதில்லை. 1911-இல் ஹிரட்சுகா ராய்ச்சோ பெண்களுக்கான 'செய்தோ' இதழைத் தொடங்கியதை எந்த மகளிர் தின மேடையில் கேட்டிருக்கிறோம்? 1918-இல் அவருக்கும் கவிஞர் யொசானோ அகிகோவுக்கும் பெரிய சண்டை. பிள்ளை வளர்ப்பது சமூகத்துக்கான வேலை, அதற்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றார் ராய்ச்சோ. கணவனைச் சார்ந்திருப்பதும் அரசைச் சார்ந்திருப்பதும் ஒன்றே, பெண் தன் காலில் நிற்கட்டும் என்றார் அகிகோ. பேனாவை வைத்துக்கொண்டு பதினொரு பிள்ளைகளை வளர்த்தவர் அவர். யமகவா கிகுவே குறுக்கே வந்து, பொருளாதார அமைப்பே மாறாமல் இரண்டும் போதாது என்றார். நூறாண்டுக்கு முன்பே ஸோகினுக்குக் கூலி உண்டா என்று கேட்டுவிட்டார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள். பணியிடத்தில் குதிகால் உயர்ந்த காலணியைக் கட்டாயப்படுத்துவதை எதிர்த்து 2019-இல் 'குட்டூ' என்று ஓர் இயக்கம் எழுந்தது. காலணிக்கும் வலிக்குமான இரண்டு ஜப்பானியச் சொற்களை வைத்து ஆடிய சிலேடை அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்ணைத் திட்டமிட்டுக் குறைத்துவந்தது அம்பலமானது. பிள்ளை பெற்றால் வேலையை விட்டுவிடுவார்களாம். விட வைப்பது யார்?

இன்னொன்று. அந்த வீடியோவை நமக்கு அனுப்புகிறவர்கள், தங்கள் கல்லூரியைப் பெருக்குவது யார் என்று சொல்வதில்லை. ஒப்பந்தக் கூலிக்கு வரும் பெண்கள். அவர்கள் எந்தச் சாதியிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நம் பள்ளிகளில் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் அது பெரும்பாலும் தலித் பிள்ளைகளாகவே இருப்பதும் தற்செயல் இல்லை. அந்தச் செய்தியை யாரும் ஒழுங்கு என்று பகிர்வதில்லை.

இந்த மார்ச்சில் அழைப்பு வந்தால் போகலாம் என்றிருக்கிறேன். வீடியோ வேண்டாம், அகிகோவும் ராய்ச்சோவும் போட்ட சண்டையைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லப்போகிறேன். கூட்டம் பதினொரு மணிக்கு என்றால், விடியும் முன் வந்து அரங்கைப் பெருக்கிவிட்டுப் போகும் அக்காக்களையும் அதுவரை இருக்கச் சொல்ல முடியுமா, அந்த நேரத்துக்கும் கூலி உண்டா, முன்வரிசையில் நாற்காலி உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுவேன்.