கையெழுத்து உங்களுடையது, கணக்கு யாருடையது?



சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஜவுளி வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் என்னை நிறுத்தினார். ஈரோட்டில் கொள்முதல் முடித்துத் திரும்பும் வழியில், விளக்குப் போடாமல் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் அவருடைய கார் மோதிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்குச் சேதம் இல்லை. காரின் முன்பக்கம் மட்டும் நசுங்கிப் போனது.

பட்டறையில் சொன்னார்களாம்: "ஃபுல் இன்சூரன்ஸ்தானே பாய்? கவலையை விடுங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்." நாலைந்து தாள்களை நீட்டினார்கள். இவரும் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். நாற்பது நாள் கழித்து வண்டி பளபளவென்று வந்தது. கூடவே 26 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பில்லும் வந்தது. "கம்பெனி கழித்துக்கொண்டது போக உங்க பங்கு" என்றார்கள். கட்டினார்.

இரண்டு மாதத்தில் வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. புது டயரின் உள்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி தெரிந்தது. பட்டறைக்காரர், "அது டயர்க் கோளாறு" என்றார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில், "வேலை திருப்தி என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே!" என்று ஒரு தாளைக் காட்டினார்கள். கையெழுத்து அவருடையதுதான். ஆனால் அதில் என்ன எழுதியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது!

பத்து ரூபாய் சரக்கை நான்கு முறை புரட்டிப் பார்த்து வாங்குகிறவர் அவர். கடனுக்குத் துணி கொடுத்தால் தேதி போட்டு எழுதி வைப்பவர். அப்படிப்பட்டவர் தன் மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் வண்டியின் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டது ஏன்? அவர் மட்டுமா? நம்மில் எத்தனை பேர் பாலிசியைத் திறந்து படித்திருக்கிறோம்? பிரிமியம் கட்டிய ரசீதை டாஷ்போர்டில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம்!

காப்பீடு மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்ற விவாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை. அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேர்ட் பார்ட்டி காப்பீடு இல்லாமல் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டையும் சேர்த்தே பெரும்பாலோர் எடுக்கிறோம். எடுத்து, பணமும் கட்டிவிட்ட பிறகு அதில் நமக்குள்ள உரிமை என்ன என்று தெரியாமல் இருப்பது பேணுதல் ஆகாது. அது ஏமாளித்தனம்!

"ஃபுல் இன்சூரன்ஸ்" முழுசா?

பெயர்தான் ஃபுல். முழுப் பணமும் வந்துவிடாது. பெரும்பாலான பாலிசிகளில் தேய்மான அட்டவணை ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றை மாற்றினால் விலையில் பாதியைக் கழிப்பார்கள். ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. இரும்புத் தகட்டுப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை. இரண்டிலிருந்து மூன்று வருடம் என்றால் 15 சதவீதம், நான்கிலிருந்து ஐந்து என்றால் 35, பத்து வருடம் தாண்டினால் 50.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலரை வருடமான சிறிய கார். வரியைத் தள்ளி வைத்துவிடுவோம். பானெட், ஃபெண்டர் போன்ற தகட்டுப் பாகங்கள் 30,000 ரூபாய். இதில் கழிவு 10,500. பம்பர், கிரில் போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் 20,000. கழிவு 10,000. முன் கண்ணாடி 8,000. கழிவு இல்லை. பெயிண்டிங் 12,000. இதில் கால் பங்கைப் பெயிண்டின் விலையாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். அதாவது 1,500. கூலி 10,000. அதற்குக் கழிவு இல்லை. மொத்த பில் 80,000, கழிவு 22,000. இதற்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. கம்பெனி தருவது 57,000. உங்கள் கையிலிருந்து 23,000!

இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. ஒப்பந்தமே அப்படித்தான். தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி வேண்டுமானால் கூடுதல் பிரிமியம் கட்டி அதைத் தனியாக எடுக்க வேண்டும். இந்தக் கணக்குத் தெரிந்தவரிடம் பட்டறைக்காரர் 26 ஆயிரம் என்று சொன்னால், "எந்த இனத்தில் எவ்வளவு?" என்று கேட்பார். தெரியாதவர் பர்ஸைத் திறப்பார். வித்தியாசம் அவ்வளவுதான்.

மூவர் பேசுகிறார்கள், நீங்கள் எங்கே?

விபத்துக்குப் பிறகு பட்டறைக்காரர் எஸ்டிமேட் போடுகிறார். கம்பெனி சர்வேயரை அனுப்புகிறது. சர்வேயர் எதை மாற்றலாம், எதைத் தட்டி நிமிர்த்தலாம் என்று முடிவு செய்கிறார். மூவரும் தங்களுக்குள் பேசி முடித்துவிடுகிறார்கள். பிரிமியம் கட்டியவர் நீங்கள், வண்டி உங்களுடையது, நாளை அதில் போகப்போவதும் நீங்கள். அந்தப் பேச்சில் நீங்கள் மட்டும் இல்லை! கேஷ்லெஸ் என்ற வசதி நல்லதுதான். ஆனால் பணம் நம் கை வழியாகப் போகாததால் நம் கண்ணும் அங்கே போவதில்லை.

சர்வேயர் வரும் நேரத்தைக் கேட்டு நீங்களும் அங்கே போய் நில்லுங்கள். அவர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். நாலா பக்கமும் படம் எடுத்து வையுங்கள். எது புதிது, எது டிங்கரிங் என்று எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வண்டியை எடுக்கும் நாளில் பெயிண்டைத் தடவிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகுதான்!

அந்த ஜவுளி வியாபாரியின் விஷயத்துக்கு வருகிறேன். அறிக்கையின் நகலை எழுதிக் கேட்டு வாங்கினோம். முன் சக்கரத்தின் லோயர் ஆர்ம் புதிதாக மாற்றப்பட்டதாக அதில் இருந்தது. வேறொரு பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தால், வளைந்த பழைய ஆர்ம்தான் தட்டி நிமிர்த்தப்பட்டு அங்கேயே இருக்கிறது! பில்லில் புதியது, வண்டியில் பழையது. அந்த நிலையில் அவர் தன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போய் வந்துகொண்டிருந்தார்.

பட்டறைச் சகோதரர்களுக்கு

இந்தத் தொழிலிலும் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரத்திலும் நம் சகோதரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உழைத்துச் சாப்பிடும் கண்ணியமான தொழில். பழைய சாமான் விற்பது குற்றமல்ல. பழையதைப் பழையது என்று சொல்லி, அதற்குரிய விலைக்குக் கொடுத்தால் அது ஹலாலான வியாபாரம். பழையதைப் பூட்டிவிட்டுப் புதியதற்குப் பில் போடுவது அளவையில் மோசடி செய்வதேதான். அதிலும் பிரேக், ஸ்டியரிங், சக்கரம் சம்பந்தப்பட்ட பாகங்களில் அதைச் செய்வது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது!

வண்டி உரிமையாளர்களும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். "போன வருஷத்துக் கீறலையும் இந்தக் கிளெய்மிலேயே சேர்த்துடுங்க" என்று சொன்னதே இல்லையா? பொய் பில்லுக்கு நாமே வழி சொல்லிக் கொடுத்துவிட்டு, அதே பேனாவால் நமக்கும் பொய் எழுதப்படும்போது அழுது என்ன பயன்?

கிளெய்மைக் கெடுக்கும் நம் அலட்சியம்

பழைய கார் வாங்குகிறோம். ஆர்.சி.யில் பெயர் மாற்றுகிறோம். பாலிசியில் மாற்றுவதில்லை. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். மாற்றாமல் விட்டால் சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் எத்தனை கார்கள் மூழ்கின! தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தவர்களின் இன்ஜின் போனது. "வெள்ளத்தால் போகவில்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் போனது" என்று கம்பெனிகள் கைவிரிக்க அது போதும். விபத்தில் ரேடியேட்டர் ஒழுகும் வண்டியை ஓட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாலும் இதே கதைதான். இழுத்து வாருங்கள், ஓட்டி வராதீர்கள்.

கதவுகள் திறந்தே இருக்கின்றன

சர்வேயர் சொன்னதே முடிவு என்று பயந்துவிட வேண்டாம். அவருடைய அறிக்கை மாற்ற முடியாத வேதவாக்கு அல்ல என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும், அது ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கப்பட்டது என்று நிரூபித்தால் உரிமை போகாது என்று 1999இலேயே தீர்ப்பு வந்திருக்கிறது.

சரக்கு வண்டி வைத்திருக்கும் வியாபாரிகள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவரிடம் இலகுரக வாகன லைசென்ஸ் மட்டும் இருக்கிறது என்று சொல்லிக் கிளெய்மை மறுப்பது கம்பெனிகளின் வழக்கமாக இருந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை அந்த லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்துவிட்டார்கள்.

தகராறு என்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ ஓர் ஆண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. அவருடைய தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஆனால் பட்டறையின் மோசமான வேலையை அவர் விசாரிக்க மாட்டார். அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கேயும் கட்டணம் கிடையாது.

நம் ஜவுளி வியாபாரி அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. அறிக்கையின் நகலையும் மற்ற பட்டறையில் எடுத்த படங்களையும் வைத்து ஒரே ஒரு கடிதம், பதிவுத் தபாலில். பத்தாம் நாள் பட்டறையிலிருந்து ஆள் வந்து வண்டியை எடுத்துப் போனார்கள். புது ஆர்ம் பூட்டி, அலைன்மென்ட் பார்த்து, தேய்ந்த டயருக்கும் ஈடு கொடுத்தார்கள். அவர் கட்டிய 26 ஆயிரத்தைக் கணக்குப் பார்த்ததில் 22 ஆயிரம் நியாயமான கழிவுதான். அதைத் திருப்பிக் கேட்க நமக்கு உரிமை இல்லை, கேட்கவும் இல்லை. கணக்கில் வராத 4 ஆயிரம் திரும்பி வந்தது.

புது ஆர்ம் பூட்டிய அன்றும் பட்டறையில் ஒரு திருப்திக் கடிதத்தை நீட்டினார்களாம். "வண்டியை பைபாஸ் வரைக்கும் ஓட்டிட்டு வந்து போடறேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கேட்டிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருந்தால்?

இளைஞர்களே! இன்று இரவு உங்கள் வீட்டு வண்டியின் பாலிசியை எடுங்கள். பெயர், வண்டி எண், முடியும் தேதி, கழிவு அட்டவணை ஆகிய நான்கையும் வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். விபத்து நடந்த பிறகு படிப்பதை விட, வண்டி வாசலில் நன்றாக நிற்கும்போதே படிப்பது நல்லது.