பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறது? கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்!

சிவகாசியில் வாடகைக்கு வீடு தேடுகிறீர்களா? பஸ் நிலையம் எவ்வளவு தூரம், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை, கரண்டு யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

"பக்கத்து வீட்டில் என்ன வைத்திருக்கிறார்கள்?"

இது வம்புக் கேள்வி அல்ல. உயிர்க் கேள்வி.

நான் தப்பிய கதை

போன வருஷம் நானும் வீடு தேடி அலைந்தேன். மாலைப் பத்திரிகைக்காரன் விடிந்ததும் போலீஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். அதனால் ஊருக்குள்ளேயே வீடு வேண்டும். பஸ் நிலையம் பக்கம் பார்த்தேன். வாடகை கையைக் கடித்தது. அச்சகங்கள் இருக்கும் தெருவில் வாடகை குறைவு. ஆனால் ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால், மார்கழி வரை ஆப்செட் மிஷின் இரவு பகலாக ஓடும். அப்புறம் தூக்கம் ஏது?

விருதுநகரில் குடியிருந்துகொண்டு தினமும் வந்து போகலாம் என்று யோசித்தேன். ரெயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஆனால் வாடகையில் மிச்சமாவதை பஸ்காரரிடம் கொடுக்க வேண்டும். விடியற்காலை வேலைக்கு அது சரிப்படாது.

கடைசியில் ஒரு புரோக்கர் ஊர்க் கடைசியில் ஒரு லைன் வீட்டைக் காட்டினார். ஈ, காக்கை சத்தம் இல்லை. வாடகையும் என் சம்பளத்துக்குள் அடங்கியது.

"தம்பி, இந்த ரேட்டுக்கு இப்படி அமைதியான வீடு அமையாது. இன்னைக்கே அட்வான்சைப் போட்ருங்க" என்றார்.

பக்கத்து வீட்டுக் கதவும் ஜன்னலும் பட்டப்பகலில் சாத்திக் கிடந்தன. "அங்க யாரு அண்ணாச்சி குடியிருக்கா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல தம்பி. சும்மா சாமான் போட்டு வச்சிருக்காங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

கையில் பணம் இல்லாததால் நாலு நாள் தவணை கேட்டேன். மூன்றாம் நாள் காலை, வழக்கம்போல போலீஸ் நிலையத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அனுமதி இல்லாமல் வீட்டில் கருந்திரி பதுக்கல், ஒருவர் கைது. இந்தப் பக்கத்து நிருபர்கள் அடிக்கடி எழுதும் செய்திதான். தெருப் பெயரைச் சொன்னதும் என் பேனா நின்றுவிட்டது. சாத்திக் கிடந்த அதே வீடு!

அங்கே ஏன் அவ்வளவு அமைதி என்பது அப்போதுதான் புரிந்தது.

செத்தவர்கள் செய்த தப்பு என்ன?

2016-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதியை சிவகாசி மறக்காது. தீபாவளி நெருங்கிய நேரம். ஊருக்குள் ஒரு பட்டாசு குடோனில் வேனில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. அடுத்த கட்டிடத்தில் ஸ்கேன் சென்டர். புகை அங்கே புகுந்தது. 8 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் மூச்சுத் திணறிச் செத்தவர்கள். அவர்கள் திரி கிள்ளியவர்களா? மருந்து கலந்தவர்களா? இல்லை. பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியிலும் அப்படித்தான். சுமார் 40 பேர் மாண்ட அந்த விபத்தில், ஆலைத் தொழிலாளிகள் மட்டும் சாகவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் செத்தார்கள்.

பட்டாசுத் தொழிலுக்கு நான் விரோதி அல்ல. இந்த ஊருக்குச் சோறு போடுவதே அதுதான். உரிமம் வாங்கிய ஆலை ஊருக்கு வெளியே, விதிப்படி இடைவெளி விட்டு நடக்கட்டும். குழந்தைகள் தூங்கும் சுவருக்கு அந்தப் பக்கம் மருந்து வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

குமாஸ்தா எங்கே போவான்?

வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் மனம் விட்டுச் சொன்னார். "குடும்பத்துக்கு விட்டா தண்ணி வரல, ஓடு ஒழுகுதுன்னு நிப்பாங்க. சாமான் போடுறவன் ஒண்ணும் கேக்க மாட்டான். காசும் கூடக் குடுப்பான்."

கேட்டீர்களா நியாயத்தை? கூடுதல் வாடகை கொடுக்கும் மூட்டைக்கு வீடு கிடைக்கிறது. பெண்டாட்டி பிள்ளையோடு வரும் கடைச் சிப்பந்திக்கும் குமாஸ்தாவுக்கும் அந்த மூட்டைக்குப் பக்கத்து வீடுதான் மிச்சம். அதையும் 'அமைதியான இடம்' என்று சொல்லித் தலையில் கட்டுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 பிப்ரவரி 22-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. குடியிருப்பவரின் தண்ணீரையும் கரண்டையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது.

2008-ம் வருஷத்து வெடிபொருள் விதி இன்னொன்றும் சொல்கிறது. மேல் மாடியில் ஆள் குடியிருந்தால், கீழே பட்டாசுக் கடைக்கு உரிமம் கிடையாது. உரிமம் உள்ள கடைக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், உரிமமே இல்லாத பதுக்கலை என்னவென்று சொல்வது?

ஆனால் நம் ஊரில் பல வீடுகள் வாய்ப் பேச்சில்தான் வாடகைக்குப் போகின்றன. பிடிபட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், வாடகைக்குத்தான் விட்டேன்" என்று வீட்டுக்காரர் கையை விரிக்கிறார். யாருக்கு, எதற்கு விட்டார் என்று எழுத்தில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியுமா?

கருந்திரியோடு பிடிபடுகிறவர் பெரும்பாலும் அன்றாடம் காய்ச்சி. அவரிடம் சரக்கு வாங்கியவர் யார்? வீட்டை விட்டவர் யார்? அந்த இரண்டு பெயரும் கிடைக்காமலே நாங்கள் செய்தியை முடித்துவிடுகிறோம். இது எங்கள் குற்றமும்தான்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்டு கணக்கெடுக்க ஆள் வருகிறார். வீட்டு வரி வசூலிக்க மாநகராட்சி ஊழியர் வருகிறார். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீடு எப்போதும் சாத்திக் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? அந்தத் தகவல் வருவாய்த் துறைக்கும் போலீசுக்கும் போக ஒரு வழி செய்தால் போதும். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். சரக்கு பிடிபட்டால் வீட்டுக்காரரையும் விசாரியுங்கள்.

வாசகர்களே, நீங்களும் வீடு பார்க்கப் போனால் பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போங்கள். எதிர் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு விசாரியுங்கள். 'குடியிருக்க மட்டும்' என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நான் இப்போது திருத்தங்கலில் ரெயில் பாதை ஓரமாகக் குடியிருக்கிறேன். ரெயில் போனால் பாத்திரம் அதிரும். ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு டெய்லர் குடும்பம். ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்குகிறார்கள். அந்த ஜீப் ஒரு தடவையாவது முன்கூட்டியே வருமா?