கலிமா பொறித்திருந்தால் மட்டும் காசு உண்மையாகிவிடாது



கொஞ்ச நாளாக நம்மூர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு காசின் படம் சுற்றுகிறது. ஒரு பக்கம் கலிமா, மறுபக்கம் பள்ளிவாசல் உருவம். "ரஸூலுல்லாஹ் (ஸல்) காலத்துத் தங்கக் காசு, வெளிநாட்டில் கோடிக்குப் போகும், அவசரத்துக்குக் குறைத்துக் கொடுக்கிறோம்" என்று ஒரு குரல் பதிவும் கூடவே வருகிறது. இன்னும் சிலர் 1616 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பனிக் காசை வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறார்கள்.

காப்பை அடகு வைத்து முற்பணம் கொடுத்த வீடுகளும் நம்மிடையே உண்டு. வெட்கத்தில் அவர்கள் வாய் திறப்பதில்லை. அதனால்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் காலத்தைப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அரபு மண்ணில் புழங்கியவை பைசாந்திய ரோமரின் தங்கத் தீனாரும் பாரசீகரின் வெள்ளித் திர்ஹமும்தான். அவற்றில் இருந்தவை அந்தந்த அரசர்களின் உருவங்கள். உருவமே இல்லாமல் எழுத்து மட்டும் கொண்ட தீனாரை அடித்தவர் உமையா கலீபா அப்துல் மலிக் பின் மர்வான். அது ஹிஜ்ரி 77, கி.பி. 696-697. நபியவர்கள் வபாத்தாகி அறுபது வருடத்துக்கும் மேலான காலம். அப்படியிருக்க, கலிமாவும் பள்ளிவாசல் படமும் போட்ட காசு எப்படி ரஸூலுல்லாஹ் காலத்ததாகும்? அது பொய் என்பதற்கு அதில் உள்ள படமே சாட்சி.

1616 காசும் இப்படித்தான். அந்த வருடம் இங்கிலாந்து மன்னரின் தூதர் சேர் தோமஸ் ரோ, கம்பனிக்கு வியாபார வசதி கேட்டு முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் நின்றுகொண்டிருந்தார். அனுமதிக்காகக் காத்து நின்ற கம்பனி, ராமர், ஹனுமான் உருவம் போட்டு அரை அணாக் காசு அடித்திருக்குமா? இந்தியா முழுவதற்கும் ஒரே மாதிரியான கம்பனிக் காசு வந்ததே 1835இல்தான். சாமி உருவத்துடன் 1616, 1717, 1818 என்று கிடைப்பவை பிற்காலத்தில் விற்பனைக்குச் செய்த வில்லைகள்.

அடுத்தது எடையும் ஓரமும். அப்துல் மலிக்கின் தீனார் ஏறத்தாழ 4.25 கிராம், அரைப் பவுணுக்குச் சற்றுக் கூட. ஒரே வகைக் காசுகளின் எடை பெரிதாக மாறாது. தேய்ந்தால் கொஞ்சம் குறையும், கூடுவதற்கு வழியில்லை. நகைக்கடைத் தராசோ, பாடசாலை விஞ்ஞான கூடத்துத் தராசோ போதும். பிறகு ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, பகல் வெளிச்சத்தில் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். அச்சால் அடித்த காசில் எழுத்துக் கூர்மையாக இருக்கும். அதைப் பார்த்து அச்சுக் குழியில் உருக்கி ஊற்றிய போலியில் எழுத்து மழுங்கியிருக்கும், ஊசிமுனைத் துவாரங்கள் தெரியும், ஓரத்தில் இரு பாதியும் சேர்ந்த கோடு இருக்கும். தங்கம், வெள்ளி, செம்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் கதை முடிந்தது. ஆனால் ஒட்டவில்லை என்பதற்காக உண்மை என்றும் ஆகிவிடாது, பித்தளையும் ஒட்டாது.

பழையது வேறு, அரிதானது வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை போட்ட செம்புக் காசுகள் நம் நாட்டில் ஏராளமாகக் கிடைக்கின்றன. இருநூற்றைம்பது வருடப் பழமை இருக்கும், உண்மையாகவும் இருக்கும், ஆனாலும் யாரையும் பணக்காரராக்காது. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் தேசிக்காய், புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். சேகரிப்பவர்கள் தேடுவது அந்தப் பழைய நிறத்தைத்தான்.

இவ்வளவும் தெரிந்தாலும் நாம் ஏன் ஏமாறுகிறோம்? காசைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிறோம். "தொழுகையாளி, ஹஜ் செய்தவர், கலிமா போட்ட காசைத் தராசில் வைத்தால் என்ன நினைப்பார்?" என்று கூச்சப்படுகிறோம். சோதிப்பதே சகோதரன் மீது கெட்ட எண்ணம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் தூண்டில் போல வளைந்த வெள்ளிக் காசைப் பற்றி எழுதுகிறார். வெள்ளியில் சந்தேகம் வந்தால் அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவது அன்றைய வழக்கம். தூய வெண்மையாக வராவிட்டால் அந்தக் காசு செல்லாது. அப்படிச் சோதிப்பது ஊர் வழமையாகவே இருந்தது. (இன்று யாரும் பழைய காசை நெருப்பில் போட வேண்டாம், அது பாழாகிவிடும்.) நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, அடியில் இருந்த ஈரத்தை வெளியே காட்டிய சம்பவம் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். சோதிப்பது சுன்னாவுக்கு மாறானது என்று இனி யார் சொல்வது? நேர்மையான வியாபாரி தராசைத் தானே எடுத்து வைப்பார். "இப்போது பார்க்க வேண்டாம், பணத்தைத் தந்துவிட்டுப் பாருங்கள்" என்பவரிடம் காசைச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை.

காசு உண்மையாகவே இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எங்கிருந்து வந்தது? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்பவும் முடியாது. "வெளிநாட்டுக்காரன் வாங்குவான்" என்ற கதையை நம்பிப் பங்குக்குப் போகிறவர், போலியானால் பணத்தை இழப்பார், உண்மையானால் பொலிஸுக்குப் பதில் சொல்வார்.

உண்மைக் காசு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்திலும் கோட்டை செத்தம் வீதியில் மத்திய வங்கியின் அருங்காட்சியகத்திலும் பழைய காசுகளை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களை ஊர் சிரிக்க வேண்டாம். நாம் சிரிக்கச் சிரிக்க அவர்கள் மறைப்பார்கள். அவர்கள் மறைக்க மறைக்க, அதே ஆள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவான். துணிந்து முறைப்பாடு செய்ய அவர்களோடு இரண்டு பேர் கூடப் போவதுதான் நம் கடமை.