தமிழை நிறுத்தச் சொன்னார்கள்

சென்ற வாரம் கிள்ளானிலிருந்து ஒரு வாசகி அழைத்தார். இரண்டரை வயது மகனுக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. பேச்சு சிகிச்சைக்குப் போன இடத்தில், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, எங்க அம்மாதான் பிள்ளைய பார்த்துக்கிறாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் வராது. நான் என்ன செய்யிறது?" என்று கேட்கும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே இடத்தில் நின்றிருக்கிறேன்.

என் மகனுக்கும் அப்போது இரண்டரை வயது. நண்பர் ஒருவர் சொன்ன தனியார் மையத்தில் சேர்த்தோம். 45 நிமிடத்திற்கு 150 வெள்ளி. முதல் நாளே, "வீட்டில் மூன்று மொழி கேட்கிறது, பிள்ளை குழம்பிப் போயிருக்கிறான்" என்றார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று நம்பினோம். அன்றிரவே நானும் கணவரும் ஆங்கிலத்துக்கு மாறினோம்.

மாமியாரால் மாற முடியவில்லை. பகல் முழுக்கப் பேரனோடு இருப்பவர் அவர்தான். "நான் பேசினா பிள்ளைக்குக் கெடுதலாம்மா?" என்று ஒருமுறை கேட்டார். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதன்பின் அவர் சோறு ஊட்டும்போதும் வாய் திறக்கவில்லை. பாட்டு இல்லை, நிலா காட்டுவது இல்லை. ஏழு மாதம் அப்படியே போனது. மகனுக்குப் புதிதாக வந்த சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பிறகு அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போனோம். கட்டணம் ஒரு வெள்ளி. அங்குள்ள மருத்துவர் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். பல மாதம் காத்திருந்துதான் முறை வந்தது. அங்கே எங்களைப் பார்த்தவர் ஒரு மலாய்ப் பெண்மணி. தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாதவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "காது பரிசோதனை செய்துவிட்டீர்களா?" ஏழு மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது. இரண்டாவது கேள்வி, "பகலில் பிள்ளையோடு அதிகம் பேசுவது யார்?" மூன்றாவதாக, எந்த மொழியாக இருந்தாலும் சரி, அவன் சொல்லும் எல்லாச் சொற்களையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எழுதினோம். மம்மு, தண்ணி, பூ, டாட்டா, கார், பால். "சூசூ" என்ற சொல்லில் மட்டும் சின்னக் குழப்பம். குழந்தை பராமரிப்பாளர் வீட்டில் அதற்குப் பால் என்று பொருள். எங்கள் வீட்டில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று பொருள். அவர் சிரித்துவிட்டு, "இரண்டு இடத்திலும் சரியாகச் சொல்கிறானே! குழப்பம் அவனுக்கில்லை, உங்களுக்குத்தான்" என்றார்.

மொத்தம் 26 சொற்கள் வந்தன. முந்தைய மையத்தில் ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணி ஏழு என்று எழுதியிருந்தார்கள். இரண்டு வயதில் எல்லா மொழியும் சேர்த்து ஏறக்குறைய 50 சொற்களும், "பால் வேணும்" போல இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதும் எதிர்பார்க்கப்படுகிறது. ஆக, அவனுக்குத் தாமதம் இருந்தது உண்மைதான், சிகிச்சையும் தேவைதான். ஆனால், தாமதத்துக்குக் காரணம் தமிழ் அல்ல. பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது. பெற்றோர் தங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால், பிள்ளை கேட்கும் பேச்சுதான் குறைகிறது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

அடுத்த முறை மாமியாரையும் அழைத்து வரச் சொன்னார். அவர் சொன்னதை நான் தமிழில் மாற்றிச் சொன்னேன். பிள்ளை பார்க்கும் பொருளையே நீங்களும் பாருங்கள், அதன் பேரைச் சொல்லுங்கள், பிறகு ஐந்து வினாடி காத்திருங்கள். அவ்வளவுதான் பாடம். வீடு திரும்பியதும் மாமியார் சமையலறையில் வெங்காயக் கூடையோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். அவர் குரலை வீட்டில் மறுபடி கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

இதிலிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில், பதிவைப் பாருங்கள். நாங்கள் அலைந்த காலத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. துணை சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2020இல் நடைமுறைக்கு வந்தது. பேச்சு சிகிச்சையாளர், தொழில்வழி சிகிச்சையாளர், மருத்துவ உளவியலாளர் எல்லோரும் இதன்கீழ் பதிந்திருக்க வேண்டும். தொழில் செய்வதற்கான சான்றிதழைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, காது பரிசோதனை பற்றிப் பேசாமலே பேச்சுப் பயிற்சியைத் தொடங்குபவரிடம் கவனமாக இருங்கள்.

மூன்றாவது, அமர்வின்போது உங்களை வெளியே உட்கார வைக்கிறார்களா, உள்ளே அழைக்கிறார்களா என்று பாருங்கள். சிகிச்சையாளர் வாரத்தில் ஒரு மணி நேரம்தான் பிள்ளையைப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. வீட்டில் செய்ய வேண்டியதை அவர் சொல்லித்தர வேண்டும்.

நான்காவது, மூன்று மாதத்திற்கு ஒருமுறை, "என்ன இலக்கு வைத்தோம், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வேறு ஒருவரைப் பாருங்கள். அது நன்றிகெட்ட செயல் அல்ல.

தமிழ் பேசும் சிகிச்சையாளர் கிடைத்தால் நல்லதுதான். ஆனால், நம் நாட்டில் அவர்கள் குறைவு. எங்களுக்கு உதவியவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் எங்களுக்கு எவ்வளவு தேவை என்பது தெரிந்திருந்தது.

கிள்ளான் சகோதரிக்கு நான் சொன்னது இதுதான். முதலில், ஏன் நிறுத்த வேண்டும் என்று அவரிடமே காரணம் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், சுகாதாரக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள். முறை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இன்று சாயங்காலமே உங்கள் அம்மாவிடம், "வாய் நிறையப் பேசுங்கம்மா" என்று சொல்லிவிடுங்கள்.