விலங்கின் இருதயமும் மனிதனின் உயிரும்

இருதயம் பழுதுற்று இறக்கும் நிலையிலுள்ள ஒருவனுக்கு விலங்கின் இருதயத்தைப் பொருத்தி வாழ்விக்கலாமோ என்னும் ஆராய்ச்சி இக்காலத்து விரைந்து முன்னேறுகின்றது. அதனைக் குறித்து எம் கருத்தை ஈண்டு வெளியிடுகின்றோம்.

இம்முயற்சி புதிதன்று. 1964-இல் அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் ஹார்டி சிம்பன்சிக் குரங்கின் இருதயத்தை ஒருவருக்குப் பொருத்தினார்; அது இரண்டு மணி நேரமேனும் நிலைக்கவில்லை. 1984-இல் பபூன் குரங்கின் இருதயம் பெற்ற பச்சிளங் குழவி ஏறத்தாழ மூன்று வாரமே உயிர் தரித்தது. 1997 ஜனவரியில் அசாம் நாட்டுச் சோனாப்பூரில் டாக்டர் தனிராம் பருவா பன்றியின் இருதயத்தை ஒருவருக்குப் பொருத்தினார். ஒரு வாரத்தில் நோயாளி மாண்டார்; வைத்தியர் கைதாகி நாற்பது நாள் சிறையிலிருந்தார்.

பின்னர், 2022 ஜனவரி 7-ஆம் நாள் பால்டிமோர் நகரில் டேவிட் பென்னெட் என்பார் பன்றியின் இருதயம் பெற்று, இரண்டு மாதம் வாழ்ந்தார். அப்பன்றியின் மரபணுக்களில் பத்து மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன: நான்கு நீக்கப்பட்டன, மனிதனுக்குரிய ஆறு சேர்க்கப்பட்டன. அயலுறுப்பை நம் உடல் பகையென எதிர்ப்பதைத் தணிப்பதே இதன் முதன்மையான நோக்கம். 2023-இல் இரண்டாமவர் ஒருவர் ஏறத்தாழ ஆறு வாரம் வாழ்ந்தார்.

பன்றியின் உறுப்புத் தீட்டன்றோ எனச் சிலர் வினவுவர். பன்றியின் இருதய வால்வுகள் பல்லாண்டுகளாக மனிதர் மார்பில் இயங்கி வருகின்றன. அதனால் எவரும் மனிதத் தன்மை இழந்திலர். யோப்பா பட்டணத்து மேல்வீட்டில் பேதுரு கண்ட தரிசனத்தை அறிந்த நமக்கு இவ்வையம் ஆகாது. இருதயம் உதிரத்தைச் செலுத்தும் தசையே. அன்பும் பக்தியும் அதனோடு மாற்றப்படுவன அல்ல.

மெய்யான கேள்வி வேறு. பருவாவைத் துணிவுடையார் என்று புகழ்வாருளர். யாம் அதனை ஒப்போம். துணிவு வைத்தியனுடையது, போவதோ நோயாளியின் உயிர். பால்டிமோர் வைத்தியர் அரசின் அனுமதியை முன்னரே பெற்றனர். அவ்விருதயத்தில் பன்றிக்குரிய வைரஸ் காணப்பட்டதையும் மறையாது வெளியிட்டனர். தோல்வியையும் உலகறியச் செய்வதே அடுத்த நோயாளிக்குப் பாதுகாப்பு. நம் மாவட்டத்து நெய்யூரில் 1838-இல் மிஷன் வைத்தியம் தொடங்கிற்று. எவரெஸ்டு மலையேறிய டாக்டர் சாமர்வெல் அங்கே பல்லாண்டு சத்திர சிகிச்சை புரிந்தார். ஏழை மக்கள் கத்திக்குத் தம் உடலைக் கொடுப்பது வைத்தியனின் நேர்மையை நம்பியேயாம். அந்நம்பிக்கையை ஒருமுறை இழந்தால், நூறு கண்டுபிடிப்புகளாலும் அதனை மீட்டல் அரிது.

ஆதலின் ஆராய்ச்சி நடைபெறுக; ஆனால், சட்டத்தின் வரம்பிலும், நோயாளி முழுதுணர்ந்தளித்த இசைவிலும், வெளிப்படையாகவும் நடைபெறுக. ஏழையின் உடல் சோதனைக்களம் ஆகற்க.

அதுவரை நாம் வாளா இருத்தல் தகுமோ? தமிழ்நாட்டில் மூளைச்சாவுற்றோரின் உறுப்புகளைத் தானமாகப் பெறும் அரசுத் திட்டம் 2008 முதல் நடைபெறுகின்றது. அங்ஙனம் அளித்தோர்க்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நிகழும் என 2023-இல் அறிவிக்கப்பட்டது. கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பரைப் போற்றும் நாடு இது. நண்பனுக்காக உயிரீதலே பேரன்பென்று கேட்டு வளர்ந்தோர் நாம். மண்ணில் மக்கவிருக்கும் இருதயத்தை அயலானுக்கு ஈய இன்றே இசைந்து, அவ்விசைவை நம் இல்லத்தார்க்கும் அறிவிப்போமாக. விலங்கின் உதவியை நாடுமுன் மனிதன் மனிதனுக்கு உதவுதலே முறை என்பது எம் துணிபு.