அடுப்படிப் புகை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, செட்டியார்பட்டியில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். வீட்டுக்குள் காஸ் அடுப்பு பளபளவென்று இருக்கிறது. ஆனாலும் வெந்நீர் போடவும் சோறு வடிக்கவும் புறவாசலில் விறகு அடுப்புத்தான்! "சிலிண்டர் விக்கிற விலைக்கு வேற என்ன செய்ய, தாயி?" என்றாள்.

இரண்டு படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. கணுக்காலில் வீக்கம் வேறு. "வயசாச்சில்லே!" என்று சிரித்தாள். வயசின் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம்!

அப்படிப் போடாத ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். டாக்டர் பத்மாவதி பர்மாவில் பிறந்தவர். 1942-ல் யுத்தத்துக்குத் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர். இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணர் என்று பெயர் பெற்றார். நுரையீரல் கெட்டு, அதனால் இருதயமும் கெட்ட 127 நோயாளிகளை டில்லியில் ஆராய்ந்து, 1959-ல் சக டாக்டர் ஒருவருடன் சேர்ந்து எழுதினார். பீடி குடிக்கும் ஆண்களுக்கு இது வருவது சரி. புகையிலைப் புகையே அறியாத பெண்களுக்கும், அதுவும் இள வயதிலேயே, ஏன் வர வேண்டும்? விடை அடுப்படியில் இருந்தது: விறகும் வரட்டியும் கக்கிய புகை!

புகை வருஷக்கணக்காக நுரையீரலைக் கெடுக்கிறது, பிராணவாயு குறைகிறது. அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, நாளடைவில் தடித்து விடுகின்றன. அடைப்பு விழுந்த ஊதுகுழலைக் கன்னம் வலிக்க வலிக்க ஊதியிருக்கிறீர்களா? இருதயத்தின் வலப்பக்கத்துக்கும் அதே பாடுதான். தள்ளித் தள்ளிக் களைத்துப் பெருத்துப் போகிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் ரத்த அழுத்தத்தில் இது தெரியாது. 'எக்கோ' பரிசோதனை துப்புக் கொடுக்கும்.

புகை ஒன்றுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். சிறு வயதில் வந்த மூட்டுவாத ஜுரத்தால் குறுகிய வால்வு, பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை, நுரையீரலில் அடைத்த ரத்தக் கட்டி இவையும் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில், உடம்பு மெலிய விழுங்கிய அமினோரெக்ஸ் என்ற மாத்திரையும் பலருக்கு இந்நோயைக் கொடுத்தது. சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருவதற்கான மரபணுவை 2000-ல் கண்டுபிடித்தார்கள்.

பத்மாவதி 2020-ல் தமது 103-வது வயதில் காலமானார். அவர் கதையைப் பெரியம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. "அறுபது வருஷமா அடுப்பை நான் ஊதினேன்னு நினைச்சேன், அதுவுமில்ல என்னை ஊதியிருக்கு!" என்றாள். மறுநாள் காலையில் ராஜபாளையத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிற ஒரு பெரியம்மா இருக்கலாம். "வயசாச்சு" என்று அவள் சொன்னால் நம்பிவிடாதீர்கள். எந்த அடுப்பின் முன்னால் அந்த வயசு கழிந்தது என்று கேளுங்கள்.