பெரியோர் விடுதியில் பிள்ளைகளா?

உடல்நோயுற்ற குழந்தைகளைப் பெரியோருடன் சேர்த்துக் கிடத்தலாகாது என்பதனாலேயே வைத்தியசாலைகளில் சிறுவர் விடுதிகள் அமைக்கப்பட்டன. ஆனால் பதினைந்து, பதினாறு வயதில் மனநோய்க்கு ஆளாகும் பிள்ளைக்குத் தனியிடம் இல்லாதபோது, பெரியோரின் மனநோய் விடுதியே கதியாகின்றது. இது முறையன்று என்பது நமது திடமான கருத்து.

பூநகரி மக்களுக்கு இது புறத்தியார் பிரச்சினையன்று. 2009 வரை நீடித்த போரும் இடப்பெயர்வும் இம்மண்ணின் குடும்பங்களில் ஆறாத வடுக்களை விட்டுச் சென்றன. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டமையால் யாழ்ப்பாணம் செல்லும் வழி குறுகியது உண்மையே. ஆனால் கொழும்புச் சிறுவர் வைத்தியசாலையோ முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. காலபோக அறுவடையையும் அன்றாடக் கூலியையும் விட்டு எத்தனை பெற்றோர் அங்கு போய்த் தங்க இயலும்?

பெரியோர் விடுதியில் நோய் முற்றியவர்களின் கூக்குரலிடையே பிள்ளை அஞ்சி ஒடுங்குகின்றது. மகன் ஆண்கள் விடுதியில் இருந்தால் தாய் அருகிருந்து தேற்ற வழியில்லை. படிப்பும் தடைப்படுகின்றது. இவற்றுக்கு அஞ்சியே பெற்றோர் நோயை மறைக்கின்றனர். மறைத்த நோய் முற்றுகின்றது. அல்லும் பகலும் உழைக்கும் வைத்தியர்களையும் தாதியரையும் நாம் குறை கூறவில்லை. குறை ஏற்பாட்டில் உள்ளது.

தடுத்து வைக்கப்படும் பிள்ளை, தன் நன்மைக்கு மாறாக அமைந்தாலன்றி, பெரியோரிடமிருந்து பிரித்து வைக்கப்படல் வேண்டும் என 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் விதிக்கின்றது. இலங்கை 1991இல் அதனை ஏற்றது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், மனநோய்க்காகச் சேர்க்கப்படும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குத் தனியிடம் தருவதோடு, பெற்றோரோ துணைவரோ உடன் தங்குவதையும் கட்டாயமாக்கியது. இலங்கையிலோ 1873இல் அந்நியர் இயற்றி 1956இல் திருத்தப்பட்ட சட்டத்தை மாற்றுவது பற்றிப் பேசிப் பேசியே ஆண்டுகள் பல கழிந்தன.

நாம் மாளிகை கேட்கவில்லை. மனநல விடுதியுள்ள ஒவ்வொரு வைத்தியசாலையிலும் இளையோருக்கென இரண்டொரு படுக்கைகள் கொண்ட தனியறை, தாய் தங்க ஓரிடம், பாடஞ்சொல்ல ஓர் ஆசிரியர், சிறுவர் மனநல வைத்தியர் வன்னிக்கு ஒழுங்காக வந்து செல்லும் ஏற்பாடு ஆகியவற்றையே கேட்கின்றோம். அவசரத்தில் வேறு வழியின்றிப் பெரியோர் விடுதியில் சேர்க்க நேர்ந்தால், காரணமும் நாட்களும் பதியப்பட்டு, விரைவில் இடமாற்றப்படல் வேண்டும்.

வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், மாகாண சுகாதாரத்துறையைக் கேள்வி கேட்கும் மக்கள் சபையின்றி ஆண்டுகள் கடந்தன. ஆகவே வைத்தியர்களும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் கமக்காரர் அமைப்புகளும் ஒருமுகமாகக் குரலெழுப்புதல் கடமையாகும். இளம்பயிர் வாடினால் இரவென்றும் பாராது நீர் கட்டுகின்ற மக்கள், பெற்ற பிள்ளைகளின் வாட்டத்தைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கலாமா?